இணைய ஏலம்: ஆரம்ப விலையும் ரிசர்வ் விலையும் நிர்ணயிப்பது எப்படி?

வாழைத்தார் மண்டியில் ஏலம் விடுபவரைக் கவனித்திருப்பீர்கள். தாரைத் தூக்கி வைத்ததும் எதிரே நிற்கும் கூட்டத்தை ஒருமுறை பார்ப்பார். வெளியூர் வியாபாரிகள் வந்திருக்கிறார்களா, முகூர்த்த நாள் நெருங்குகிறதா, நேற்று வாங்கியவர்கள் இன்றும் நிற்கிறார்களா என்று கண்ணாலேயே அளந்துவிட்டுத்தான் முதல் விலையைச் சொல்வார். கூட்டம் திரண்டிருந்தால் குறைத்துத் தொடங்குவார். நாலே பேர் நின்றால் தொடக்கத்திலேயே விலையைப் பிடித்து வைப்பார். கேட்கும் விலை கட்டுப்படியாகாவிட்டால் "தாரை ஓரமாக வை" என்று சொல்லிவிட்டு அடுத்த தாருக்குப் போய்விடுவார்.

இணையத்தில் நடக்கும் ஏலத்தில் இந்த வசதி விற்பவருக்கு இல்லை. எதிரே முகம் தெரியாது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதும் முன்கூட்டியே தெரியாது. மண்டிக்காரர் நின்ற இடத்தில் எடுக்கும் இரண்டு முடிவுகளையும் நாம் ஏலம் தொடங்குவதற்கு முன்பே எடுத்து, எண்ணாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த இரண்டு எண்களில் ஒன்று தவறினாலும் சரக்கு அடிமாட்டு விலைக்குப் போகும்; அல்லது போகாமலே கிடக்கும்.

இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று வணிக அன்பர்கள் எண்ண வேண்டாம். நாம் கடையில் விற்கும் ஏலக்காய் போடிநாயக்கனூரிலும் கேரளத்தின் புற்றடியிலும் கணினி வழி ஏலத்தில் கைமாறி வருகிறது. குன்னூர் தேயிலையும் அப்படியே. இந்திய உணவுக் கழகம் வெளிச்சந்தைக்குக் கொடுக்கும் கோதுமையும் அரிசியும் மின்னணு ஏலத்தில் விற்கப்படுகின்றன. கடன் தவறிய கடைகளையும் கிடங்குகளையும் வங்கிகள் இணையத்தில்தான் ஏலம் விடுகின்றன. பழைய தராசு, குளிர்பதனப் பெட்டி, தேங்கிய சரக்கு ஆகியவற்றை வணிகர்கள் தங்களுக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஏலம் விட்டுக்கொள்வதும் நடக்கிறது. ஆகவே இந்தக் கணக்கைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நம் அனைவருக்கும் பயன்தரும்.

இரண்டு விலைகள், இரண்டு வேலைகள்

ஆரம்ப விலை என்பது ஏலம் எங்கிருந்து தொடங்குகிறது என்று சொல்லும் விலை. அது எல்லோர் கண்ணிலும் படும். கடை வாசலில் தொங்கும் விலைப் பலகை போன்றது. அதன் வேலை ஆளை உள்ளே அழைப்பது.

ரிசர்வ் விலை என்பது "கடைசியாக என்ன விலைக்குக் கொடுப்பீர்கள்?" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது நம் மனதில் இருக்கும் எண். அதற்குக் கீழே ஏலம் நின்றுவிட்டால் சரக்கைக் கொடுக்க வேண்டியதில்லை. அதன் வேலை நம் கையைக் கடிக்காமல் காப்பது. சில ஏலங்களில் இதை வெளிப்படையாக அறிவிப்பார்கள். வங்கி ஏலமும் அரசு ஏலமும் இவ்வகை. அங்கே பெரும்பாலும் ரிசர்வ் விலையே ஆரம்ப விலை. வேறு சிலவற்றில் ஆரம்ப விலையைக் குறைவாகக் காட்டி, ரிசர்வ் விலையை மறைத்து வைக்க இடமுண்டு. அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய ஈபே தளம் இந்த இரண்டாவது முறையைப் பரவலாக்கியது. இந்தியாவில் 2004-ல் பாஸி தளத்தை வாங்கிக் காலூன்றிய ஈபே, 2018-ல் இங்கே கடையைக் கட்டியது. ஆயினும் அதன் ஏல முறையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய உண்டு.

அழைக்கும் வேலையையும் காக்கும் வேலையையும் ஒரே எண்ணின் தலையில் சுமத்துவதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. முதலில் ரிசர்வ் விலையைக் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும். அதன் பிறகே ஆரம்ப விலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ரிசர்வ் விலையைக் கணக்கிடும் முறை

ரிசர்வ் விலைக்கு ஒரே கேள்விதான் அடிப்படை: இந்த ஏலத்தில் விற்காவிட்டால் இந்தப் பொருள் எனக்கு என்ன கொடுக்கும்?

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வணிகர் தம் கிளைக் கடையை மூடுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ரூ. 42,000 கொடுத்து வாங்கிய குளிர்பதனப் பெட்டி ஒன்று மிச்சமிருக்கிறது. பழைய சாமான் வாங்குபவர் வாசலில் வந்து ரூ. 14,000 ரொக்கமாகக் கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் விற்றால் தளத்துக்கு விற்ற விலையில் 5 சதவீதம் கமிஷன், ஏற்றுக்கூலி ரூ. 500 இவர் பொறுப்பு.

ஏலத்தில் விற்று, செலவு போகக் கையில் நிற்பது ரூ. 14,000-க்குக் குறையக் கூடாது. 14,000-உடன் ஏற்றுக்கூலி 500-ஐக் கூட்டினால் 14,500. அதை 0.95-ஆல் வகுத்தால் ரூ. 15,263. ஆகவே ரூ. 15,300 என்பது இவருக்கு நஷ்டமில்லாத கோடு. அதில் கமிஷன் ரூ. 765-ம் கூலி ரூ. 500-ம் போனால் கையில் ரூ. 14,035 நிற்கும். 42,000 என்ற எண் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கோட்டுக்குச் சற்று மேலே ரிசர்வ் வைக்கலாமா? வைக்கலாம். ஏலக் கணக்கை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் ரோஜர் மையர்சன் 1981-ல் வெளியிட்ட கட்டுரை, சில அனுமானங்களின் கீழ், விற்பவர் தம் சொந்த மதிப்பைவிடக் கொஞ்சம் உயர்த்தி ரிசர்வ் வைப்பதே ஆதாயம் என்று காட்டியது. இரண்டொரு முறை விற்காமல் போனாலும், விற்கும்போது கிடைக்கும் கூடுதல் விலை அதை ஈடுகட்டும் என்பதே காரணம். நம் எடுத்துக்காட்டில் ரூ. 16,000 என்று வைப்பது நியாயம். அதற்காக ரூ. 25,000 என்று வைத்தால் அது ரிசர்வ் அல்ல, ஆசை.

அடக்க விலையைப் பிடித்துத் தொங்கினால்

மளிகை வணிகர்களாகிய நமக்கு இரத்தத்தில் ஊறிய பாடம், அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்பது. அன்றாட வியாபாரத்துக்கு அது நல்ல பாடம். தேங்கிய சரக்குக்கு அதுவே எமனாகும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கடையில் பிஸ்கட் 50 பெட்டி தங்கிவிட்டது. வரி நீங்கலாகப் பெட்டிக்கு அடக்கம் ரூ. 1,200. உகந்த காலம் முடிய இரண்டு மாதமே பாக்கி. திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை. வணிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏலத்துக்குப் போட்டேன். "முதலுக்கு மோசமில்லாமல்" என்று ஆரம்ப விலை ரூ. 1,200 குறித்தேன். டீக்கடைகளுக்குச் சரக்குப் போடும் ஒருவர் மட்டும் தனியாக அழைத்து, "அண்ணாச்சி, 700 என்றால் இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன், எத்தனை பெட்டியானாலும் சரி" என்றார். பெட்டிக்கு 500 ரூபாய் நஷ்டமா என்று அவரை அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் ரூ. 1,150, அதற்கடுத்து ரூ. 1,000 என்று இறக்கினேன். அதற்குள் பிஸ்கட்டுக்கு ஆயுள் 25 நாளாகிவிட்டது, யாரும் தொடவில்லை. கடையில் 18 பெட்டி விற்றது. மீதி 32 பெட்டியைக் கூலி கொடுத்து அப்புறப்படுத்தினேன்.

700 ரூபாய் வீதம் அந்த 32 பெட்டிக்கு ரூ. 22,400 வந்திருக்கும். பெட்டிக்கு 500 போகிறதே என்று அஞ்சியவன் 1,200-ம் சேர்த்துத் தொலைத்தேன். அதோடு முடியவில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவின்படி, அழிந்த அல்லது கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கொள்முதலின்போது எடுத்திருந்த வரி வரவையும் திருப்ப வேண்டியதாயிற்று. சரக்கைக் குறைந்த விலைக்காவது உறவில்லாத ஒருவருக்கு முறையாக விற்றிருந்தால், விற்ற விலையின் மீது வரி கட்டிவிட்டு அந்த வரவை வைத்துக்கொண்டிருக்கலாம்.

நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு எளிது. 50-ல் கடையில் எத்தனை விற்கும்? ஏறக்குறைய 20. அவற்றை ஏலத்துக்கே கொண்டுபோயிருக்கக் கூடாது. மீதி 30-க்கு வேறு வழி என்ன? நாள் போனால் பூஜ்யம். 700-க்குக் கேட்ட ஆள் வந்த பிறகு, அந்த 700-தான் ரிசர்வ் விலை. கெடு உள்ள சரக்குக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ரிசர்வ் விலை நாளுக்கு நாள் தானே இறங்கும். முதல் ஏலத்துக்கு என்ன, விற்காவிட்டால் அடுத்த ஏலத்துக்கு என்ன, கடைசி நாள் எது என்பதை முதலிலேயே தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டால் மனம் தடுமாறாது.

ரிசர்வ் வைக்காமல் விட்டால்

அப்படியானால் ரிசர்வ் வேண்டாம், வந்த விலைக்குப் போகட்டும் என்று விட்டுவிடலாமா? அதிலும் ஆபத்து இருக்கிறது. ஏலத்தில் கடைசி விலையைத் தீர்மானிப்பவர் வாங்குபவர் அல்ல. அவருக்கு அடுத்தபடியாக நின்று தோற்றவர்தான். ஒருவர் ஒரு பொருளுக்கு ரூ. 20,000 வரை தரத் தயாராக இருந்தாலும், எதிரே கேட்பவர் ரூ. 9,000-த்தில் விலகிவிட்டால் சரக்கு ரூ. 9,000-ஐ ஒட்டியே முடியும். ஈபே போன்ற தளங்களில் வாங்குபவர் தம் உச்சவரம்பைக் கணினியிடம் சொல்லிவிட்டால், அது அடுத்தவரைவிட ஒரு படி மட்டும் கூட்டிக் கேட்டுக்கொண்டே போகும். ஆகவே இரண்டாவது ஆள் பலமில்லாத ஏலத்தில் ரிசர்வ் விலைதான் அந்த இரண்டாவது ஆளின் இடத்தில் நிற்கிறது.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் நியூசிலாந்து. 1990-ல் அந்நாட்டு அரசு அலைக்கற்றை உரிமங்களை மூடிய டெண்டர் முறையில் விற்றது. அதிகம் கேட்டவருக்குப் பொருள். ஆனால் அவர் கட்ட வேண்டியது இரண்டாவதாகக் கேட்டவரின் விலை என்பது விதி. ரிசர்வ் விலை வைக்கவில்லை. ஒரு உரிமத்துக்கு 1 லட்சம் நியூசிலாந்து டாலர் கேட்ட நிறுவனம் கட்டியது வெறும் 6 டாலர். 70 லட்சம் டாலர் கேட்ட இன்னொரு நிறுவனம் 5,000 டாலர் கட்டிவிட்டு உரிமத்தை எடுத்துப் போனது. முறை தவறானதல்ல. இரண்டாவது ஆள் பலமில்லாத இடத்தில் தடுப்பு வைக்காமல் விட்டதே பிழை.

ரிசர்வ் மிஞ்சினால்

மறுபுறத்துக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை மத்திய அரசு 2016-ல் மின்னணு ஏலத்துக்குக் கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ரூ. 11,485 கோடி என்று ரிசர்வ் விலை வைக்கப்பட்டது. ஒருவரும் கேட்கவில்லை. 2021-ல் அதை ரூ. 6,568 கோடியாகக் குறைத்தார்கள். அப்போதும் ஆள் இல்லை. 2022-ல் ரூ. 3,927 கோடிக்கு இறக்கிய பிறகுதான் ஒரு நிறுவனம் மட்டும் முன்வந்தது. அதற்குள் ஆறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. அலைக்கற்றை கிடங்கில் கெட்டுப்போவதில்லை என்றாலும், பயன்படாமல் கிடந்த ஆண்டுகளின் வருமானம் திரும்பி வராது.

நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது அரிசி. இந்திய உணவுக் கழகத்தின் வெளிச்சந்தை விற்பனையில் 2023-ல் அரிசிக்குக் குவிண்டாலுக்கு ரூ. 3,100 ரிசர்வ் விலை வைக்கப்பட்டது. அதே காலத்தில் கோதுமை நன்றாகப் போக, அரிசியை வாங்குவார் மிகக் குறைவாகவே இருந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்டில் அரசு ரூ. 200 குறைத்து ரூ. 2,900 ஆக்கியது. அரசாங்கத்துக்கே இந்தப் பாடம் என்றால், கிடங்கு வாடகையும் வட்டியும் கட்டும் நமக்குக் கேட்பானேன்?

ரிசர்வ் விலை மிஞ்சியதற்கு அடையாளம் எது? யாரும் கேட்கவே இல்லை என்றால் விலை மிஞ்சிவிட்டது, அல்லது செய்தி போய்ச் சேரவில்லை. பலர் கேட்டும் ரிசர்வை எட்டாமல் நின்றால், அந்த நின்ற விலைதான் இன்றைய சந்தை. அதற்கு மேல் பிடித்து வைப்பதானால், நாளை சந்தை ஏறும் என்பதற்கு நம்மிடம் உறுதியான காரணம் இருக்க வேண்டும். குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை படியாத சரக்கு திரும்ப எடுக்கப்பட்டு மறுபடியும் ஏலப் பட்டியலுக்கு வருவதுண்டு. தேயிலைக்கும் காத்திருக்க ஒரு வரம்பு உண்டு; பிஸ்கட்டுக்கு அந்த வரம்பு இன்னும் குறுகியது.

ஆரம்ப விலை: கூட்டத்தைப் பார்த்து

ரிசர்வ் முடிவானதும் ஆரம்ப விலைக்கு வருவோம். இதைப் பற்றி வெறும் யூகமாகப் பேச வேண்டியதில்லை, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டேவிட் லக்கிங்-ரைலி என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 'மேஜிக்' என்னும் விளையாட்டின் சீட்டுகளை இணையத்தில் தாமே ஏலம் விட்டுப் பார்த்தார். குறைந்தபட்ச விலை வைத்தபோது கேட்க வந்தவர்களின் எண்ணிக்கை குறைந்தது. விற்காமல் தங்கியவை கூடின. விற்றவற்றுக்குக் கிடைத்த விலை மட்டும் உயர்ந்தது. நம் அனுபவத்துக்கு ஒத்துவரும் முடிவுதான். உயர்ந்த ஆரம்ப விலை கூட்டத்தை வடிகட்டுகிறது, ஆனால் விலையைப் பிடித்து நிறுத்துகிறது.

2006-ல் வெளியான மற்றொரு ஆய்வு, குறைந்த ஆரம்ப விலையில் தொடங்கிய ஏலங்கள் உயர்ந்த விலையில் முடிவதுண்டு என்று கண்டது. குறைந்த விலையைப் பார்த்துப் பலர் உள்ளே வருகிறார்கள். ஒருமுறை கேட்டவர் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மறுபடியும் கேட்கிறார். கூட்டத்தைப் பார்த்து மேலும் கூட்டம் சேருகிறது. ஆனால் அதே ஆய்வு ஒரு எச்சரிக்கையும் தந்தது. பொருளின் பெயரை எழுத்துப் பிழையோடு பதிவு செய்திருந்த ஏலங்களில் நிலைமை தலைகீழானது. தேடியவர்கள் கண்ணில் அந்தப் பொருள் படவில்லை; கூட்டம் வரவில்லை; குறைவாகத் தொடங்கியது குறைவாகவே முடிந்தது.

இதிலிருந்து நமக்கு வேண்டிய விதி தெளிவாகிறது. பலருக்கும் தேவைப்படும் பொருள், நல்ல படம், சரியான பெயர், போதிய நாள் ஆகியவை இருந்தால் ஆரம்ப விலையைத் தாழ்த்தலாம். சிலருக்கே பயன்படும் பொருள், சிறிய குழு, அவசர விற்பனை என்றால் ஆரம்ப விலையை ரிசர்விலேயே வைத்துவிட வேண்டும். நம் குளிர்பதனப் பெட்டியை ஆயிரம் பேர் பார்க்கும் தளத்தில், ரிசர்வ் விலை உண்டு என்ற அறிவிப்போடு ரூ. 8,000-த்தில் தொடங்கலாம். முப்பது பேர் உள்ள குழுவில் என்றால் ரூ. 15,300-க்குக் கீழே தொடங்கவே கூடாது.

விலையைத் திருகிக்கொண்டே இருப்பதைவிட ஆளைச் சேர்ப்பது மேல் என்பதும் கணக்கில் நிறுவப்பட்ட உண்மை. ஜெரமி புலோ, பால் கிளெம்பரர் ஆகிய இருவரும் 1996-ல் எழுதிய கட்டுரை, வழக்கமான அனுமானங்களின் கீழ், மிகச் சரியான ரிசர்வ் விலை கொடுக்கும் ஆதாயத்தைவிட உண்மையாகக் கேட்கக்கூடிய இன்னொருவர் வந்து நிற்பது கொடுக்கும் ஆதாயம் பெரிது என்று காட்டியது. ஆகவே சரக்கின் எடை, ரகம், தயாரித்த தேதி, உகந்த காலம், எங்கே வந்து எடுப்பது, ஏற்றுக்கூலி யாருடையது ஆகிய அனைத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் மாதிரியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார்கள். இணையத்தில் நம் படமும் விவரமும்தான் மாதிரி.

மறைத்து வைக்கலாமா?

ஆரம்ப விலையைத் தாழ்த்திக் காட்டி, ரிசர்வை மறைத்து வைத்தால் இரண்டு ஆதாயமும் கிடைக்காதா என்று கேட்கத் தோன்றும். மேற்சொன்ன ரைலியும் ராமா கட்கர் என்பவரும் ஈபேயில் 50 ஜோடி போக்கிமான் சீட்டுகளை விற்று இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு வெளிப்படையான குறைந்தபட்ச விலை. மற்றதற்கு அதே தொகை மறைவான ரிசர்வ். மறைத்தவை விற்கும் வாய்ப்பும் குறைந்தது, விலையும் குறைந்தது. மெய்யாகவே வாங்க வந்தவர்கள் விலகிப் போனதே காரணம். "இன்னும் ரிசர்வ் விலையை எட்டவில்லை" என்று பார்ப்பவருக்கு, எட்டாத பழத்துக்கு எம்பிக் குதிக்கிறோமோ என்ற எண்ணம் வந்துவிடும்.

அந்தச் சீட்டுகள் விலை குறைந்த பொருள்கள். மளிகைச் சரக்கும் பழைய தளவாடமும் அந்த வகையோடு சேர்ந்தவையே. ஆகவே சில நூறு, சில ஆயிரம் ரூபாய்ப் பொருள்களுக்கு மறைவு வேண்டாம். வெளிப்படையான ஆரம்ப விலையே போதும். வண்டி, பெரிய இயந்திரம் போன்று விலை கூடிய, சந்தை விலை தெளிவாகத் தெரியாத பொருள்களுக்கு மறைவான ரிசர்வை யோசிக்கலாம். அப்போதும் ரிசர்வ் உண்டு என்ற செய்தியை மறைக்கக் கூடாது. தொகையை மட்டுமே மறைக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 64-வது பிரிவு ஏல விற்பனையைப் பற்றியது. நாம் அறிய வேண்டியவை மூன்று. ஏல விற்பனை ரிசர்வ் விலைக்கு உட்பட்டது என்று அறிவிக்க அப்பிரிவு இடம் தருகிறது. விற்பவர் தாமே விலை கேட்கும் உரிமையை வெளிப்படையாக ஒதுக்கி வைத்து அறிவிக்காவிட்டால், அவரோ அவர் அமர்த்திய ஆளோ விலை கேட்பது சட்டப்படி செல்லாத செயல். விலையை ஏற்றிவிடப் பொய்யாக விலை கேட்கச் செய்தால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையை ரத்துச் செய்துவிடலாம்.

மைத்துனரையோ கடைப் பையனையோ விட்டு இரண்டு முறை கூட்டிக் கேட்கச் சொல்வது விளையாட்டாகத் தோன்றும். அது சட்டத்துக்கும் விரோதம், நாணயத்துக்கும் கேடு. குழுவில் ஒருமுறை அம்பலமானால் அதன்பின் நம் சரக்கை யாரும் நம்பிக் கேட்க மாட்டார்கள். நேர்மையான ரிசர்வ் விலை இருக்கும்போது பொய்யாள் எதற்கு?

வாங்கும் பக்கம் நிற்கும்போது

விற்பவரின் கணக்கைத் தெரிந்தவர் வாங்கும்போது ஏமாற மாட்டார். ரிசர்வ் விலை என்பது விற்பவரின் எல்லைக்கோடு. பொருளின் மதிப்பு அல்ல. வங்கி ஏலத்தில் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் மதிப்பைப் பெற்று ரிசர்வ் விலையை நிர்ணயிக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் விதி. ஆனாலும் கடையின் வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறது, வாடகைதாரர் காலி செய்வாரா, வரிப் பாக்கி உண்டா என்பதை நாம்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆள் வராத ஏலத்தில் அடுத்த முறை விலையை இறக்குவது வழக்கம். அவசரமில்லாதவர் காத்திருந்து பார்க்கலாம்.

நாம் தரக்கூடிய உச்ச விலையை ஏலத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். வங்கி ஏலத்தில் எடுத்தவர் டேவணித் தொகை உட்பட 25 சதவீதத்தை அன்றே அல்லது மறு வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். மீதியை 15 நாளில், அல்லது எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட நீட்டிப்புக்குள் கட்ட வேண்டும். தவறினால் கட்டியது பறிபோகும். அவ்வாறு பறிமுதல் செய்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உறுதி செய்துள்ளது. கடைசி நிமிட வேகத்தில் கூட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு பணத்துக்கு அலைவது வணிகருக்கு அழகல்ல.

முடிவாக

ஏலத்துக்குப் போடுமுன் ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். இது இங்கே விற்காவிட்டால் எனக்கு எவ்வளவு கிடைக்கும்? கமிஷன், கூலி எவ்வளவு? எத்தனை பேர் உண்மையில் கேட்பார்கள்? சரக்குக்கு எத்தனை நாள் ஆயுள்? முதல் இரண்டு வரிகள் ரிசர்வ் விலையைச் சொல்லும். மூன்றாவது வரி ஆரம்ப விலையைச் சொல்லும். நான்காவது வரி, எப்போது பிடிவாதத்தை விட வேண்டும் என்று சொல்லும்.

அந்தத் தாளில் அடக்க விலைக்கு இடமில்லை. அது கொள்முதல் பேரேட்டில் இருக்கட்டும். அடுத்த முறை எத்தனை பெட்டி வாங்கலாம் என்று முடிவெடுக்கும்போது அதைத் திறந்து பார்த்தால் போதும்.